நாலாவது முட்டை ஓடு

மார்ச் 24, திங்கள்

இந்த நோட்டை இன்று காலைப் பூசை முடிந்ததும் சிஸ்டர் பவுலின் என் கையில் கொடுத்தார்கள். பெரிய சனிக்கிழமை காலையில் தாய்மார் எல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது, மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பங்குக் கூடத்தில் உட்கார வைத்து உயிர்ப்பு விழாவுக்கு ஏதாவது கைவேலை செய்ய வைக்க வேண்டுமாம்.

"சலேத், நீதான் வீட்டுல பாப்பாவ வச்சு என்னமாவது செஞ்சுக்கிட்டே இருக்கியே. செஞ்சு பாத்து, எது வருது எது வரலன்னு தேதி போட்டு எழுதிட்டு வா. படிச்சவ எழுதுனா வாசிக்கத்தான் நல்லாருக்கும். நீ எழுதுனா செய்யலாம்" என்றார்கள்.

நான் எட்டாவது வரைதான். மீதியை மளிகை மடித்து வந்த காகிதத்திலும் பங்கு நூலகத்திலும் படித்துக்கொண்டேன். கணக்கு மட்டும் எனக்குத் தப்பாது. அரிசி எத்தனை உழக்கு, முட்டை எத்தனை, எது மீந்தது என்று எழுதி வைப்பேன். பாப்பாவுக்கு என்று தனிக் கணக்கு: என்ன சாப்பிட்டாள், என்ன புதுச்சொல் சொன்னாள், கை புதிதாக என்ன கற்றது. பிலோமி என்று எங்கள் அம்மா பெயரைத்தான் வைத்திருக்கிறோம். இப்போது இரண்டரை வயது. கல்யாணமாகிப் பதினொரு வருசம் கழித்து, திருச்சிலுவைத் திருநாளன்று, எட்டு நாள் பிள்ளையாக வீட்டுக்கு வந்தாள்.

இது சிஸ்டருக்குக் கொடுக்க வேண்டிய நோட்டு. வீட்டுக் கதை எழுதக்கூடாது.

மார்ச் 26, புதன்

வெங்காயத் தோல் முட்டை.

வேண்டியவை: பல்லாரியின் காய்ந்த தோல் இரண்டு கை, வெள்ளை முட்டை நான்கு, கொத்துமல்லி இலை, பழைய வேட்டித் துணி, நூல்.

பிள்ளையின் வேலை தோல் உரிப்பது. பாப்பா அரை மணி நேரம் உரித்தாள். தோல் தீர்ந்த பிறகு வெங்காயத்தையும் உரிக்கத் தொடங்கிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அழுதாள். ஆகவே தோலை முதலிலேயே தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். முட்டையை நனைத்து, ஒரு மல்லி இலையைப் பிள்ளையே ஒட்டட்டும். மேலே துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, தோலோடு சேர்த்துக் கால் மணி வேக வைத்து, ஆறியபின் அவிழ்த்தால் செம்மண் நிறத்து முட்டையில் இலை வெள்ளையாக நிற்கும்.

அவிழ்த்ததும் பாப்பா வாயைத் திறந்தபடி பார்த்தாள். "எல போச்சு" என்றாள். இலையை எடுத்துவிட்டோம், அதன் நிழல் மட்டும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "எல வந்துட்டுப் போயிட்டு" என்றேன்.

தவக்காலம் முழுக்க நான் முட்டை தொடுவதில்லை. நான்கில் பாப்பா ஒன்று, என் வீட்டுக்காரர் பெர்க்மான்ஸ் இரண்டு. ஒன்று மாதா படத்துக்கு முன்னால்.

மார்ச் 29, சனி

மஞ்சள் தண்ணீரிலும் பீட்ரூட் தண்ணீரிலும் முட்டை முக்கினோம். மஞ்சள் வருகிறது. பீட்ரூட் முட்டையில் வரவில்லை, பாப்பாவின் வயிற்றிலும் தரையிலும் நன்றாக வருகிறது. ஒரு மூடி வினிகர் விட்டபின் முட்டையிலும் வந்தது.

நாலு மணிக்கு வழக்கம்போல அவர் பாப்பாவைப் பைக்கில் வைத்துப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொங்கல் கழிந்ததிலிருந்து சனிக்கிழமை தவறுவதில்லை. துறைமுகத்தில் ஆறு நாள் கிரேனில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போன மனுசன், ஓய்வு நேரத்தில் தூங்காமல் பிள்ளையைக் கூட்டிப் போகிறாரே என்று தெருவில் எல்லாப் பொம்பளைகளுக்கும் என்மேல் பொறாமை. நானும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஒரு ஜெபமாலை முழுதாகச் சொல்கிறேன்.

ஆறரைக்கு வந்தார்கள். பாப்பா இரவுக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு திம்மென்று இருந்தது.

"என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

"ஒரு வாழப்பழந்தான்."

செருப்பைத் தட்டி வைத்தேன். மணல் இல்லை. புல்தரையில் விளையாடியிருப்பாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று செய்தது எல்லாவற்றிலும் நல்ல வேலை. சிஸ்டர் இதைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

முட்டையை மேலே மட்டும் தட்டி உடைத்து, உள்ளே கழுவிக் காய வைத்த ஓடு. பிள்ளை கரண்டியால் மண் போடும். இரவே ஊறவைத்த வெந்தயத்தை ஒரு சிட்டிகை தூவி, மேலே கொஞ்சம் மண், விரலால் தண்ணீர் தெளிப்பு. உயிர்ப்பு ஞாயிறு வரும்போது ஒவ்வொரு ஓட்டுக்கும் பச்சைத் தலைமுடி முளைத்திருக்கும். கல்லறை திறப்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிட எப்படிக் காட்டுவது?

மூன்று ஓடு எடுத்து வைத்தேன். இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது பாப்பாவுக்கு என்று எண்ணிக் காட்டினேன். பாப்பா குப்பைக்கூடையில் கைவிட்டு இன்னொரு ஓட்டைத் தேடி எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். "இன்னொண்ணு" என்றாள்.

"அது யாருக்குட்டி?"

சொல்லவில்லை. சிரித்தாள். மற்ற மூன்றுக்கும் அள்ளிக் கொட்டியவள், அதற்கு மட்டும் வெந்தயத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

அவர் சட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். "என்னங்க, நாலாவது யாருக்குங்கா இவ?" என்றேன்.

பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "இயேசுசாமிக்கா இருக்கும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டரை வயதுப் பிள்ளை! நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆண்டவருக்கென்று ஒரு ஓட்டை ஒதுக்கி வைத்திருக்கிறது. மாலையே கான்வென்டுக்கு நடந்துபோய்ச் சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "ரொம்ப நல்லது சலேத்" என்றார்கள். கண் கலங்கியது போல இருந்தது.

ஏப்ரல் 5, சனி

நான்கு ஓட்டிலும் முளை. நாலாவதில்தான் அதிகம்.

பார்க். இரவுக்கு ஒரு இட்லி, அதிலும் பாதி.

ஏப்ரல் 6, ஞாயிறு

பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பாப்பாவைப் பற்றிச் சொன்னார்! வாசலில் நான் அவரிடமும் சொல்லியிருந்தேன். "நம் பங்கில் ஒரு சின்னஞ்சிறு குழந்தை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனக்கும் செடி வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஆண்டவருக்கும் ஒன்று வைத்ததாம். நம் வீட்டில் நாலாவது இடம் யாருக்கு?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். எல்லாரும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்பெஞ்சிலிருந்த எட்னா டீச்சர் என் தோளைக் கிள்ளினார்கள்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். நன்மை அப்பம் வாங்கவும் எழுந்து வரவில்லை. பூசைக்கு முன்னால் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பதை மறந்து காப்பி குடித்துவிட்டேன் என்றார். பெர்க்மான்ஸ் கூச்சப்படுகிற ஆள்.

ஏப்ரல் 9, புதன்

அரிசி மாவு பிசைந்து பொம்மை செய்தோம். பாப்பா ஊதினாள்.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. நோட்டைச் சிஸ்டரிடம் கொடுக்கும்போது இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட வேண்டும்.

வறுத்த அரிசி மாவு ஒரு உழக்கு, கொதிநீர், உப்பு, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, எலுமிச்சை அளவு ஒரு உருண்டை பாப்பாவிடம் கொடுத்தேன். முட்டை செய், பந்து செய் என்றுதான் சொன்னேன். அவள் உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள். நடுவில் விரலால் குழி பண்ணினாள். டப்பாவைக் காட்டி "கருப்பட்டி" என்றாள். கொடுத்தேன். ஒரு துண்டைக் குழியில் வைத்தாள். மூடுவதற்கு முன்னால் இரண்டு கையாலும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி, "பூ…" என்று ஊதினாள். அப்புறம் மூடினாள். அப்புறம் என் சீப்பைக் கேட்டாள்.

எங்கள் அம்மா பெரிய வாரத்தில் மாவுப் புறா செய்வாள். வயிற்றில் கருப்பட்டி, கண்ணுக்கு மிளகு, வாலுக்குச் சீப்பால் ஒரு அழுத்து. மூடும் முன்னால் உள்ளே ஊத வேண்டும். "உசுரு ஊதாத புறா ஆவியில வெந்து என்ன, வேகாம என்ன" என்பாள். எந்த வீட்டிலும் அப்படி ஊதி நான் பார்த்ததில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அம்மாவாகவே கண்டுபிடித்தது. அம்மா போய் ஏழு வருசம், அதன்பின் நான் புறா செய்ததில்லை. இந்த வீட்டில் ஒருநாள்கூட இல்லை. பாப்பாவின் கணக்கைத் தொடக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன். அரிசி களைவாள், பட்டாணி உரிப்பாள், மூடி திருகுவாள். ஊதுவது என் கணக்கில் இல்லை.

மாவில் உயிர் ஊதத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர். ஒருத்தி கல்லறையில் இருக்கிறாள். ஒருத்தி நான்.

ஏப்ரல் 12, சனி

நாலு மணிக்கு அவர் பைக்கை எடுத்தார். பாப்பாவுக்கு மஞ்சள் கவுன் போட்டு, தலை சீவி, தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து ஆட்டோ பிடித்துப் பார்க்குக்குப் போனேன்.

ஐந்தே முக்கால் வரை இருந்தேன். மூன்று முறை சுற்றி வந்தேன். ஊஞ்சல் இரண்டையும் சங்கிலியோடு மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். கடலை விற்கிறவரிடம் கேட்டேன். "அது அறுந்து ஒரு மாசம் ஆச்சும்மா. ஒரு பய விழுந்து பல்லு போச்சு, கட்டி வச்சுட்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறரைக்கு வந்தார்கள்.

"பார்க்குல கூட்டமா?"

"ஆமா, லீவு விட்டாச்சுல்லா. ஊஞ்சலுக்கு ஒரே வரிசை" என்றார். பாப்பாவின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் வெள்ளை மாவு.

என்னைக் குத்தியது பொய் சொன்னதுகூட அல்ல. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! செருப்பைக் கழற்றிக்கொண்டே, தண்ணீர் குடித்துக்கொண்டே.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஓலைச் சிலுவை மூன்று மடித்தேன். பிள்ளைகளுக்கு மடிக்க வராது. கிழித்துக் கையில் வளையல் போலச் சுற்றிவிட்டால் போதும்.

பாப்பா மத்தியானம் தூங்கியபின் அவரிடம் என் தங்கையைப் பற்றிக் கேட்டேன்.

"டெல்பின் எங்க இருக்கா?"

அவர் ஓலையை மாதா படத்தில் சொருகிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. மறைக்கவில்லை, அதை நான் சொல்ல வேண்டும். "தெரேஸ்புரம் பக்கம். ஒரு ரூம்ல. பேக்கரியில பேக்கிங் வேல" என்றார்.

"எத்தன மாசமா?"

"டிசம்பர்ல வந்தா. பொங்கல் கழிஞ்சு நான் பிள்ளயக் கூட்டிட்டுப் போனேன்."

"பன்னெண்டு சனிக்கிழம. பன்னெண்டு பொய். எண்ணிச் சொல்லட்டுமா?"

"நீ எண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா சலேத்? கேட்டா விடுவியா நீ?"

"அதனால கேக்கவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீக. பெரிய தர்மவான். எம்மூஞ்சியப் பாத்துப் பார்க்கு, ஊஞ்சல், வாழப்பழம்… ஆண்டவரையும் சேத்துக்கிட்டீகளே! இயேசுசாமிக்கா இருக்கும்னு சொல்லும்போது நாக்கு கூசலியா? சாமியார் பீடத்துல நின்னு சொன்னார்! ஊரே திரும்பிப் பாத்துது! ஊருக்கு முன்னால ஒங்க கொழுந்தியாளுக்கு வச்ச செடிக்கு நான் கண்ணத் தொடச்சுக்கிட்டு நிக்கேன்!"

"அது தப்புதான். வாயில வந்துட்டு. அன்னையிலருந்து எனக்குத் தூக்கமில்ல."

"தூக்கமில்லாதவருக்குக் கொறட்டை எங்கருந்து வருது?"

அதற்கு அவர் சிரித்திருக்கலாம், வேறொரு நாளாக இருந்தால். கட்டிலில் உட்கார்ந்தார். அதன்பின் அவர் சொன்னதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது கணக்கில்லை.

"நான் சொன்னது பொய்யி. நீ குடுத்தது வாக்கு. இதே மாதா படந்தான். எட்டு நாள் பிள்ளய அவ கையிலருந்து வாங்கும்போது நீ என்ன சொன்ன? அவ என்ன பெருசா கேட்டா? வருசத்துல ஒரு நாள், உயிர்ப்புத் திருநாளன்னைக்கு வந்து சித்தின்னு பாத்துட்டுப் போறேன்னா. நீ படத்துல கைய வச்சு சரின்னே."

மாதா படத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"ஒரு வருசம் வந்தா. அடுத்த வருசம் நீ வாசல் கேட்டத் தொறக்கல."

"பிள்ள தூங்குச்சு."

"சலேத், நான் உள்ளதான் இருந்தேன். பிள்ள என் மடியில முழிச்சுக்கிட்டு இருந்துச்சு."

ஆமாம். முழித்துக்கொண்டுதான் இருந்தாள். முதல் வருசம் டெல்பின் வந்தபோது, ஏழு மாதப் பிள்ளை, என் இடுப்பிலிருந்து தாவி அவளிடம் போயிற்று. யாரிடமும் போகாத பிள்ளை. திரும்பக் கூப்பிட்டேன், வரவில்லை. அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது. அன்று இரவு பாப்பாவின் கணக்கில் நான் அதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கட்டிக்கொள்கிறேன் என்றவன் கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாமல் விட்டபோது, வயிற்றுப் பிள்ளையோடு அவள் என்னிடம்தான் வந்தாள். அவளுக்கு ஊர்வாய்க்குப் பயம். எனக்கு வெறும் தொட்டில். இருவருக்கும் ஆண்டவர் வழி காட்டினார் என்றுதான் நான் நினைத்தேன். பிள்ளை ஊர்கிற சத்தத்துக்கும் தத்தித் தத்தி நடக்கிற சத்தத்துக்கும் காது பழகியபின் அதே அறையில் இன்னொருத்தியை எப்படி உட்கார வைப்பது? நாளைக்கு 'என் பிள்ளை' என்று அவள் கையை நீட்டினால், நான் எந்தக் கணக்கைக் காட்டுவேன்?

"அவ பிள்ளயக் கேக்கப் போறா" என்றேன்.

"கேக்கல. எங்கிட்ட ஒரு நாளும் கேக்கல."

"ஒங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்? பன்னெண்டு வாரமா சும்மாவே கொண்டுபோய்க் குடுத்துருக்கீகளே."

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். நான்கு ஓடும் வெயிலில் வரிசையாக இருந்தன. நாலாவதை எடுத்துச் சுவருக்கு வெளியே எறிந்தேன்.

ஓடுகள்: மூன்று.

ஏப்ரல் 14, திங்கள்

பாப்பா காலையிலிருந்து ஜன்னலுக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், குப்பைக்கூடையில் தேடுகிறாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டு என்னைப் பார்க்கிறாள். எண்ணச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கான்வென்டுக்குப் போனேன். கூடத்துக்கு வேண்டிய சாமான் பட்டியலைச் சிஸ்டரிடம் நீட்டிவிட்டு, இந்த வருசம் வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் குரலிலேயே சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தினார்கள்.

"டெல்பினுக்கு ரூம் பாத்துக் குடுத்தது நான்தான் சலேத்" என்றார்கள்.

"அப்போ… அந்த நாலாவது ஓடு யாருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"நீ சொன்ன ஒடனே தெரிஞ்சுட்டு."

"தெரிஞ்சும் ரொம்ப நல்லதுன்னு சொன்னீங்க."

"நீ எவ்வளவு சந்தோசமா ஓடி வந்து சொன்ன! மூச்சு வாங்குது ஒனக்கு. எனக்கு வாய் வரல. நீ சாமியார்கிட்டயும் சொல்லுவேன்னு நான் கண்டேனா?"

"அப்போ இந்த நோட்டு? நீயே எழுது, நீ எழுதுனா செய்யலாம்னது? அதுவும் ஏமாத்தா?"

"இல்ல. அது நெசம்" என்றார்கள். "மத்ததெல்லாம் எந்தப்பு."

மன்னிப்புக் கேட்டார்கள். கன்னியாஸ்திரி ஒருத்தர் என்னிடம் மன்னிப்புக் கேட்க நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "பரவாயில்ல சிஸ்டர்" என்று என் வாய் சொன்னது. பரவாயில்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர், என் சிஸ்டர், என் தங்கை, நான் பெறாத என் பிள்ளை, நாலு பேருக்கும் ஒரு சனிக்கிழமை இருந்திருக்கிறது. அதில் நான் இல்லை. நான் வீட்டில் அவர்களுக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூடத்து வேலையை விட மாட்டேன். சிஸ்டருக்காக அல்ல. எட்டுப் பிள்ளைகளின் பெயர் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். தோளும் தோளும் இடித்தது. நான் நகர்ந்துகொண்டேன்.

வீட்டில் பாப்பா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினாள். வழியெல்லாம் ஊற்றிவிட்டு, மிச்சம் ஒரு கை அளவு.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி, துவையல். மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. பாப்பாகூட.

ஏப்ரல் 19, பெரிய சனி

பிள்ளைகள் எட்டு. முட்டை பதினாறு. உடைந்தது ஆறு, கடிபட்டது இரண்டு. எட்னா டீச்சரின் பேரன் மஞ்சள் தண்ணீரைக் குடித்துவிட்டான். "வயித்துப் பூச்சிக்கு நல்லது, விடு" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். வெங்காயத் தோல் முட்டையை அவிழ்க்கும்போது எட்டும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தன. இலை தெரிந்ததும் ஒரே கத்தல். வெளியே பாவசங்கீர்த்தன வரிசையில் நின்ற தாய்மார் பாவத்தை மறந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்தபின் நானும் வரிசையில் நின்றேன். எனக்கு நடந்ததைப் பற்றி நிறையச் சொன்னேன். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் மத்தவங்க செஞ்சது. நீங்க செஞ்சது?" என்றார். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. போன வருசம் கேட்டுக்கு உள்ளே நின்று டெல்பினிடம் நான் சொன்ன 'பாப்பா தூங்குறா' என்ற இரண்டு சொல்லைச் சொன்னேன்.

நாலு மணிக்குப் பாப்பா தன் செருப்பைத் தானே எடுத்து, இடதும் வலதுமாக மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டில் போய் நின்றாள். அவர் பைக்கைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பாப்பா அரை மணி நேரம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் தூக்கியிருப்பேன். அழவில்லை. நின்றாள்.

"அவ நாளைக்கு வருவாளா?" என்று அவரிடம் கேட்டேன். ஆறு நாள் கழித்து நானாகப் பேசியது.

"மாட்டா. போன வருசம் பட்டது போதும்னா."

மாவு பிசைந்தேன். பாப்பாவைக் கேட்டிலிருந்து தூக்கிவந்து அடுப்படியில் உட்கார வைத்தேன். "புறா செய்வமா?" என்றேன். அவள் குழி பண்ணினாள். நான் கருப்பட்டி வைத்தேன். அவள் ஊதினாள். பிறகு தன் புறாவை என் வாய்ப்பக்கம் நீட்டினாள். "அம்மா ஊது."

ஏழு வருசம் கழித்து ஊதினேன்.

புறா: நான்கு. மிளகு: எட்டு. ஆவியில் பத்து நிமிடம். வால் நன்றாக விழ, சீப்பில் எண்ணெய் தொட்டுக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

ராத்திரிப் பாஸ்கா பூசைக்குப் பாப்பா முழுவதும் விழித்திருந்தாள். மெழுகுவத்தி எல்லாம் ஏற்றும்போது எல்லாவற்றையும் ஊதி அணைக்கப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து படுத்தவள் காலை ஏழு ஆகியும் எழுந்திருக்கவில்லை. அவர் கறி வாங்க வரிசையில் நிற்கப் போய்விட்டார்.

பானையைத் திறந்து புறாக்களைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆள் நிழல். மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் டெல்பின் நின்றிருந்தாள். மெலிந்திருக்கிறாள். பேக்கரிப் பெட்டி ஒன்றைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தாள். போன வருசமும் இப்படித்தான் நின்றாள், அப்போது கையில் பலூன்.

போனேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"வர வேண்டாம்னுதான் நெனச்சேன்கா. காலு வந்துட்டு" என்றாள்.

எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பன்னிரண்டு சனிக்கிழமை இருந்தது. திருடி, என் அடுப்படியில் இல்லாததை என் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தாயே என்பது இருந்தது. அம்மாவின் புறாவைப் பிள்ளைக்குக் காட்டலாமா என்று நீ என்னிடம் கேட்டிருக்கலாமே என்பதும் இருந்தது. ஆனால் அவள் கேட்டது ஒன்றுதான்.

"பாப்பா?"

"தூங்குறா" என்றேன்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பெட்டியைக் கேட்டுக் கம்பியில் மாட்டினாள். திரும்பினாள். அதே இடம், அதே சொல். போன வருசம் அது பொய். இந்த வருசம் சத்தியமாக உண்மை, நம்ப யாருமில்லை.

"ஏட்டி" என்று கத்தினேன். துருப்பிடித்த தாழ்ப்பாள் என் அவசரத்தில் சிக்கிக்கொண்டு வர மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் இழுத்தேன். "ஏட்டி டெல்பின், நெசமாவே தூங்குறா. உள்ள வந்து பாரு."

வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தொடவில்லை. ஜன்னலில் மூன்று ஓடு இருப்பதைப் பார்த்தாள். யாருக்கு யாருக்கென்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தட்டிலிருந்த புறாக்களை மட்டும் எண்ணுவது தெரிந்தது.

நான் யாரையும் மன்னிக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு மாற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. அவர் கறியோடு வருவார். அவரிடம் பேச இன்னும் நாளாகும். சிஸ்டரிடமும்தான். இவளிடமும். சாமியாரிடம் போய், நாலாவது ஓடு யாருக்கு என்றும் சொல்லியாக வேண்டும்.

இப்போது மணி ஏழே முக்கால். அடுப்படியில் நின்றுகொண்டே எழுதுகிறேன். பாப்பா புரள்கிற சத்தம் கேட்கிறது. கண் திறந்ததும் யாரைக் கூப்பிடுவாள் என்று தெரியவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் இன்று கணக்கில் எழுதுவேன்.

கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன்.